ஆற்றங்கரைச் சத்திரத்துத் தீ: மராமத்து நடக்கும் பழைய கட்டடத்துக்கு அந்தி நேரத்தில் யார் காவல்?

எதிர்வரிசை வீடு எழுதியது:

நம் ஊர் ஆற்றங்கரைச் சத்திரம் செவ்வாய்க்கிழமை மாலை தீப்பிடித்த செய்தி இங்குள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கும். சத்திரத்துக்கு எதிர்வரிசையில் குடியிருப்பவள் என்ற முறையில் நான் கண்டதைக் கண்டபடி எழுதி வைக்கிறேன்; மூன்று நாட்களுக்குள் ஆளுக்கொரு கதை கிளம்பிவிட்டது. விசாரணை முடியவில்லை. ஆகவே ஊரின் பெயரையோ வேலையை எடுத்துச் செய்தவர்களின் பெயரையோ யாரும் இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மராமத்து வேலை தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. முன்கட்டில் தூண்களுக்கு மேலே அந்தக் காலத்தில் உத்திரமாகப் போட்டிருந்த தண்டவாளத் துண்டுகள் துருவேறி உப்பியிருந்ததால், அவற்றை அறுத்து எடுக்கும் வேலை அன்று பகல் முழுவதும் நடந்தது. கேஸ் கட்டரின் சீற்றம் எங்கள் அடுப்படி வரை கேட்டுக்கொண்டே இருந்தது. மாலை ஐந்தரைக்கு ஆட்கள் கைகால் அலம்பிக்கொண்டு புறப்பட்டார்கள். ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தபோது, இன்னும் பிரிக்கப்படாத மேற்குப் பக்கத்து ஓடுகளின் இடுக்குகளிலிருந்து மெல்லிய புகை கசிவதைப் பார்த்தேன். விறகடுப்பு எரிகிற வீட்டுக் கூரையில் அந்தியில் புகை எப்படி ஓட்டுக்கு ஓடு நழுவி வருமோ அப்படித்தான் இருந்தது. உள்ளே காவலாளி சோறு வடிக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டு நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அங்கே இரவுக் காவலுக்கு ஆளே வைக்கவில்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பத்து நிமிடங்களை நினைத்து நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறகு ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசியது. ஓடுகள் படபடவென்று வெடிக்கத் தொடங்கின. 101க்கு அழைத்தோம், வண்டியும் விரைவாகவே வந்தது. ஆனால் தெருமுனையில் குவித்திருந்த எம்-சாண்டும் ஜல்லியும் வழியை அடைத்திருந்ததால், பையன்கள் மண்வெட்டியால் வாரி ஒதுக்கிய பிறகுதான் அது உள்ளே வர முடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மேற்குப் பக்கத்து மச்சும் கூரையும் போய்விட்டன. கிழக்குப் பக்கம் நிற்கிறது. என் திருமணம் அந்த நடுக்கூடத்தில்தான் நடந்தது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

கோட்டைவாசல் எழுதியது:

அக்கா, படிக்கவே மனம் கனக்கிறது. ஆனாலும் கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நூறு வருடம் காய்ந்த மரத்தையும் கூரை ஓடுகளையும் வைத்துக்கொண்டு பொதுமக்கள் கூடுகிற மண்டபம் நடத்துவது ஆபத்து என்பது இப்போது கண்கூடாகத் தெரிந்துவிட்டது. எஞ்சியதையும் பாதுகாப்பாக இறக்கிவிட்டு, அதே இடத்தில் அதே முகப்பு அமைப்போடு கான்கிரீட்டில் கட்டினால் அடுத்த தலைமுறைக்குப் பயன்படும். செலவும் குறையும். உணர்ச்சிவசப்படாமல் யோசிக்கும்படி அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர் எழுதியது:

தம்பி கோட்டைவாசல் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தீயணைப்புப் பணியில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் சத்திரத்து மரம் நூறு வருடங்களாகக் காய்ந்தே இருந்தது. அத்தனை வருடமும் அதற்குக் கீழே கோட்டை அடுப்பு மூட்டிக் கல்யாணச் சமையல் நடந்தது. அப்போதெல்லாம் எரியாத கூரை, பழுது பார்க்க ஆள் ஏறிய நான்காவது மாதத்தில் எரிந்திருக்கிறது. உலகம் முழுவதும் இதே கதைதான். இங்கிலாந்தில் அப்பார்க் மாளிகை 1989இல் எரிந்தது. கூரையில் ஈயத் தகடு பொருத்தும் வேலையின்போது அந்தத் தீ பிடித்தது, வேலையோ முடியும் தறுவாயில் இருந்தது. 1992இல் விண்ட்சர் கோட்டையில் வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில், விளக்கு ஒன்றின் சூட்டில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தபோது அதன் கூர்க்கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். மராமத்துக் காலத்தில்தான் ஒரு பழைய கட்டடம் தன் வாழ்நாளிலேயே மிகவும் ஆதரவற்று நிற்கிறது. கூரை பிரிந்து காற்று உள்ளே புகுகிறது, தற்காலிக மின் இணைப்பு தரையெங்கும் ஓடுகிறது, தின்னரும் வார்னிஷும் மூலையில் அடுக்கியிருக்கின்றன, வெளியே சாரத்தில் பச்சை வலை தொங்குகிறது. அந்த வலை எரியும்போது உருகித் துளித்துளியாகக் கீழே சொட்டி, விழுந்த இடத்தையெல்லாம் பற்றவைக்கும்.

இரும்பை அறுக்கும்போது தெறிக்கிற பொறியைப் பற்றி ஒரு விஷயம். அது அந்த நொடியிலேயே அணைந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மச்சுக்கு மேலே எத்தனை தலைமுறைத் தூசி, குருவிக்கூடு, வௌவால் எச்சம், செத்தை கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதில் விழுந்த பொறி சுடர்விடாது. உமி மூட்டத்தைப்போல உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்துக் காற்றுப் பட்டதும் எழும். எதிர்வீட்டுத் தங்கச்சி கண்ட ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட நேரம் அதற்குப் பொருந்துகிறது. இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை; மின்கசிவாகவும் இருக்கலாம், விசாரணை சொல்லட்டும். பொறி பறக்கும் இடத்திலிருந்து 35 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் தண்ணீரோடு அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது தொழிலில் ஏற்கப்பட்ட விதி. பழைய மரக்கூரைக்கு அந்த ஒரு மணி நேரமும் போதாது என்பேன்.

பாரிஸில் எச்சரிக்கை மணி இருந்தது, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார். மணி ஒலித்ததும் அவரைத் தவறான பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் மணிக்கும் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போனதற்கும் இடையே அரை மணி நேரம் கழிந்தது. அதற்குள் கூரை கைமீறிவிட்டது. ஆகவே, தங்கச்சி, உங்கள் பத்து நிமிடத்துக்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இல்லாததுதான் குறை.

2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்துக் கலச மகால் எரிந்தபோது எங்கள் துறையைச் சேர்ந்த வீரர் ஒருவர் உள்ளே இறந்தார். பழைய கட்டடத்தில் தீ என்றால் எனக்கு முதலில் அவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தக் கட்டடத்தை இறக்கிவிடவில்லை. சுண்ணாம்புக் காரை கொண்டே சீர்செய்து, இன்று அது பயன்பாட்டில் இருக்கிறது.

கோபன்ஹேகன் நெல்லைக்காரி எழுதியது:

நான் சேரன்மாதேவிப் பக்கத்துப் பெண். வேலை நிமித்தமாக டென்மார்க்கில் இருக்கிறேன். 2024 ஏப்ரல் 16 காலையில் இங்குள்ள பழைய பங்குச்சந்தைக் கட்டடம் எரிந்ததை அருகிலுள்ள பாலத்தின் மேலிருந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போவதைப்போல ஒரு கோபுரம் அதற்கு இருந்தது. நானூறாவது ஆண்டை ஒட்டிச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது, சாரம் கட்டியிருந்தது. அந்தக் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்ததைக் கண்ணால் கண்டேன். நோத்ர தாம் எரிந்து சரியாக ஐந்து வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது.

அன்று நான் கண்டவற்றுள் மறக்க முடியாதது வேறொன்று. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு, உள்ளே வேலை செய்தவர்களோடும் தீயணைப்பு வீரர்களோடும் சேர்ந்து, ஆளுயரத்துக்கும் மேலான பழைய ஓவியங்களை வெளியே சுமந்து வந்தார்கள். இரண்டு நாள் கழித்து, தனித்து நின்ற வெளிச்சுவரில் ஒரு பெரும் பகுதி சரிந்தது. இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு: தீ அணைந்துவிட்டது என்பதற்காகச் சத்திரத்தின் மேற்குச் சுவரை ஒட்டி யாரும் நடமாட வேண்டாம். கூரை போன சுவருக்குப் பிடிமானம் கிடையாது. பிள்ளைகள் வேடிக்கை பார்க்க உள்ளே போவதாக அம்மா தொலைபேசியில் சொன்னாள், தயவுசெய்து தடுங்கள்.

உளியும் இழைப்புளியும் எழுதியது:

நான் தச்சுவேலை செய்கிறவன். அப்பா காலத்திலிருந்தே சத்திரத்துக் கதவு, நிலை, மச்சுப் பலகை வேலைக்கெல்லாம் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். வியாழக்கிழமை காலையில் அனுமதி பெற்று உள்ளே போய்ப் பார்த்தேன்.

நடுக்கூடத்தையும் மேற்கு அறையையும் பிரிக்கும் பெரிய விட்டம் ஒன்று கரிக்கட்டையாகத் தெரிந்தது. எல்லோரும் அது போய்விட்டது என்றார்கள். உளியை வைத்துச் சுரண்டினேன். மேல்கரி முதலையின் முதுகுத்தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது, அது உதிர்ந்தது. அடுத்தது பழுப்பு நிறத்தில் ஒரு விரற்கடை. அதற்கும் உள்ளே மஞ்சள் பாய்ந்த தேக்கு, எண்ணெய் வாசனையோடு, போன வாரம் அறுத்த மரம்போல இருந்தது. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினேன். மணிபோலச் சத்தம் வந்தது. வைரம் பாய்ந்த கனத்த மரம் எரியும்போது மேலே படிகிற கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிவிடும். ஒரு நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கரியாது. அதே கூடத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று வளைந்து தொங்குகிறது. இரும்பு எரிவதில்லைதான், ஆனால் சூடேறினால் இளகிப்போகும். எரிந்த மரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, எரியாத இரும்பு வளைந்துவிட்டது. கோட்டைவாசல் தம்பி நேரில் வந்து பார்க்கலாம், நான் கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

மெல்லிய கைமரங்களும் பலகையும் எல்லாம் போயின. அவற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கோட்டைவாசல் எழுதியது:

ஆசாரியாரோடு இன்று போய்ப் பார்த்தேன். விட்டத்தைப் பற்றி அவர் எழுதியது உண்மை. அதன் மேல் கையை வைத்துப் பார்த்த பிறகு, இறக்கிவிடலாம் என்று நான் எளிதாக எழுதியதற்கு வருந்துகிறேன். சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு தன் வலிமையில் பாதிக்கு மேல் இழக்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். படித்ததைக் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

ஆனாலும் என் கவலை முழுவதும் தீரவில்லை. முன்வாசலில் இருக்கும் கருங்கல் தூண்கள் இரண்டில் மயிரிழை அளவு விரிசல் தெரிகிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 பாகையில் திடீரென்று விரியும். அதன் மேல் குளிர்ந்த நீர் பாய்ந்தால் கல் பிளக்கும். தீயணைப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஒவ்வொரு தூணையும் சுவரையும் தகுதியுள்ள பொறியாளர் சோதித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். இன்னொன்றையும் அஞ்சுகிறேன். கிளாஸ்கோ நகரத்துக் கலைப்பள்ளி 2014இல் எரிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து அதைச் சீர்செய்துகொண்டிருந்தபோதே 2018இல் முன்னிலும் பெரிய தீ வந்து கட்டடத்தையே குடைந்துவிட்டது. இரண்டாவது தீக்குக் காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்லவே முடியவில்லை. ஒரு முறை எரிந்ததால் நாம் பாடம் கற்றுவிட்டோம் என்று எண்ணிவிடக் கூடாது.

சங்குமுத்திரை எழுதியது:

தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோயில்களையும் கல்வெட்டுகளையும் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நம் தென்காசிக் கோயிலின் பழைய கோபுரம் தீயில் சிதைந்து, பிளந்து, பல பத்தாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது. என் தாயார் அதை அப்படியே பார்த்தவர். இன்று நாம் காணும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990இல்தான் குடமுழுக்கு நடந்தது. அந்தக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாடல் ஒன்று அங்கே இருக்கிறது. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குற்றம் நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று அரசனே பாடி வைத்திருக்கிறான். கட்டியவன் தன் புகழைப் பொறிக்க வேண்டிய இடத்தில், பழுது பார்க்கப் போகிற முகமறியாத ஆளைக் கும்பிட்டிருக்கிறான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கொத்தனாரையும் ஆசாரியையும் எந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் சீமையிலேயே எழுதி வைத்த கல் இருக்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் 2018 பிப்ரவரி 2 இரவு எரிந்தது. அந்தத் தீ அங்கிருந்த கடைகளில் பிடித்தது. மராமத்துக்குத் தகுந்த கல் தேடி நாமக்கல் பக்கம் வரை போக வேண்டியிருந்தது, வருடங்கள் உருண்டோடின. எரிந்து போவதற்கு ஓர் இரவு போதும். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்நிலைகளில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அத்தனையும் மரச்சிற்பம், சுவரெல்லாம் பழைய ஓவியம். அங்கே என்றாவது பழுது பார்க்கும் வேலை நடக்குமானால் ஒரு பீடிக்கங்குகூட உள்ளே போகக் கூடாது. சத்திரத்துச் செய்தியைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது அந்தக் கோபுரத்தைத்தான்.

சாரக்கட்டு எழுதியது:

இங்கே பேசுகிற எல்லோரும் படித்தவர்கள். நான் வேறொரு ஊரில், வேறொரு பழைய கட்டடத்து வேலையில் மேஸ்திரியாக இருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

அறுப்பு வேலை செய்கிறவருக்கு நாள்கூலி. ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். வேலை முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் அதற்குக் கூலி யார் கொடுப்பார்கள்? நான் எத்தனையோ செலவு மதிப்பீடுகளைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக்கு என்று செலவு எழுதிய ஒரு வரி இருக்கும், அதில் கலக்கும் கடுக்காய்க்கும் கருப்பட்டிக்கும் வரி இருக்கும், சாரத்துக்கு, மண் அள்ளுவதற்கு, திறப்பு விழாப் பலகைக்குக்கூட வரி இருக்கும். வேலைக்குப் பிறகு காவல் என்று ஒரு வரியை நான் ஒரு மதிப்பீட்டிலும் கண்டதில்லை. எழுதாத வேலைக்குப் பணம் வராது; பணம் வராத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். தீப்பிடித்த மறுநாள் முதலில் விரல் நீட்டப்படுவது அந்த நாள்கூலிக்காரரை நோக்கித்தான். உங்கள் ஊரில் அந்தப் பையன் மூன்று நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவனிடம் யாராவது போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

ஓய்வு பெற்ற தீயணைப்பாளர் எழுதியது:

சாரக்கட்டு அண்ணாச்சி எழுதியதை நான் மூன்று முறை படித்தேன். நான் விதியைச் சொன்னேன். விதி ஏன் நடப்பதில்லை என்பதை அவர் சொல்லிவிட்டார். அந்தப் பையன் வீட்டுக்கு நாளை காலை நானே போகிறேன்.

மறுபடி வேலை தொடங்கும்போது மதிப்பீட்டில் அந்த வரியை எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும். இரண்டு ஆள், மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை, வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும், கூலியோடு, திரும்பிப் போக வண்டிச் செலவோடு. கூரைக்கு மேலே ஒருவர், மச்சுக்குக் கீழே ஒருவர். பொறி இடுக்கு வழியாகக் கீழ்த்தளத்துக்கும் இறங்கும். அறுக்க வேண்டிய இரும்பை முடிந்தவரை கழற்றிக் கீழே ஆற்றுமணலில் போட்டு அறுக்கலாம். கழற்ற முடியாததைக் கைவாளால் அறுத்தால் நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும். தெருமுனையில் ஜல்லி கொட்டுவதை அன்றாடம் பார்த்து ஒதுக்கச் சொல்வது நம் தெருவின் பொறுப்பு. சத்திரத்திலிருந்து நூறு அடியில்தான் ஆறு ஓடுகிறது. படித்துறையில் ஒரு மோட்டாரும் குழாயும் தயாராக இருந்திருந்தால் அந்த மேற்குக் கூரையில் பாதி மிஞ்சியிருக்கும்.

எதிர்வரிசை வீடு எழுதியது:

நேற்று மாலை சத்திரத்துத் திண்ணையில் நாற்பது பேருக்கு மேல் கூடினோம். மதிப்பீட்டில் காவலுக்கான வரியைச் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டுக் கையெழுத்திட்டிருக்கிறோம். அதுவரை எங்கள் தெருவிலிருந்து முறை வைத்து இரவு பத்து மணி வரை இருவர் உட்காருகிறோம். முதல் முறை எங்கள் வீட்டுக்கு. ஐப்பசி மழைக்கு முன்பே மேற்குப் பக்கத்துக்குத் தார்ப்பாய் போட்டாக வேண்டும், இல்லையென்றால் தீக்குத் தப்பிய சுண்ணாம்புச் சுவர் ஊறியே கரைந்துவிடும். அதற்கான பாயைக் கீழத்தெருக்காரர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

ஆசாரியார் ஒரு சிக்கலைச் சொன்னார். எரிந்துபோன மச்சுக்கு வரைபடம் எதுவும் கிடையாது. நோத்ர தாம் கூரையைத் திரும்பக் கட்டியபோது, தீக்குப் பல வருடங்களுக்கு முன்பே லேசர் கொண்டு எடுத்து வைத்திருந்த அளவுகள் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் அது மீண்டும் திறந்தது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது கல்யாண ஆல்பங்கள். மேற்கு அறை, மச்சுப் பலகை, தூண் போதிகை ஏதாவது பின்னணியில் தெரிகிற பழைய படம் யார் வீட்டில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.

மேலரத வீதி எழுதியது:

என் பெற்றோரின் திருமண ஆல்பம் இருக்கிறது, கறுப்பு வெள்ளை. மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் அப்பாவுடைய தலைக்கு மேலே மேற்கு அறையின் மச்சு முழுவதும் விழுந்திருக்கிறது. பலகைக்குக் குறுக்கே போகிற சட்டங்களை எண்ணினேன், பதினொன்று. வலதுகோடியில் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது, அதன் மேல்நிலையில் ஏதோ வேலைப்பாடு தெரிகிறது, அன்னமா கிளியா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆசாரியார் பார்த்துச் சொல்லட்டும். ஞாயிறு காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.